சேலம் கல்லறைக் கற்களைத் தொடாமல் படியுங்கள்

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில், சார்ட்டர் தெருக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லின் அடிமண்ணைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வரிசையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, கல்லின் முகத்தில் வெள்ளைத்தாளை ஒட்டி, கறுப்பு க்ரேயானைப் படுக்கப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிறகு முளைத்த மண்டையோடு ஒன்று தாளில் அழகாக எழும்பி வந்தது. "கண்ணம்மா, ஓரத்துல விட்டுட்ட பாரு, இன்னும் அழுத்தித் தேய்" என்று அவள் அம்மா தமிழில் சொன்னது காதில் விழுந்தது. எழுந்து போய், வேண்டாம் என்று சொன்னேன்.

"பேப்பர்தானேக்கா? கல்லுக்கு என்ன ஆயிடப் போகுது?" என்றார் அந்த அம்மா.

நியாயமான கேள்வி. நானே படிக்கிற காலத்தில் கோயில் சுவர்களில் கல்வெட்டுப் படி எடுத்தவள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றி எடுப்போம். நம் ஊர்க் கருங்கல் அதற்கெல்லாம் அசையாது. ஆனால் இப்போது பழைய கற்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இந்தக் கல் வேறு சாதி என்பதைக் கைவேலையில்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சிறுமியின் தாளை எடுத்துவிட்டு, விரல் முட்டியால் கல்லின் ஓரத்தை மெல்லத் தட்டிக் காட்டினேன். 'டங்' என்றது. அப்புறம் நடுவில், பெயர் வெட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் தட்டினேன். 'பொத்' என்றது. எழுத்து இருக்கும் மேலேடு ஏற்கெனவே கல்லைவிட்டுப் பிரிந்து நிற்கிறது, நடுவில் வெறும் காற்று. "அழுத்தித் தேய்ச்சா இந்தப் பேரு அப்படியே கழண்டு விழுந்துடும்" என்றதும் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இது சிலேட்டுக் கல். சின்ன வயதில் நாம் எழுதிப் பழகிய சிலேட்டுப் பலகை இதே இனம்தான். கீழே விழுந்தால் ஏடு ஏடாகப் பெயருமே, நினைவிருக்கிறதா? பெரிய கல்லும் அப்படித்தான். மேல்விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்தால் போதும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். இங்கே குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறையும். உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். பகலில் உருகும், ராத்திரி மறுபடி உறையும். முந்நூறு குளிர்காலம் இந்த ஆப்பு உள்ளே இறங்கி இறங்கி ஏடுகளைப் பிரித்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எழுத்துகளோ சில மில்லிமீட்டர் ஆழம்தான். மேலேடு போனால் பெயர், வயது, தேதி எல்லாம் சேர்ந்து போகும்.

அந்தப் பெயர்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல, ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தச் சேலத்துக்கும் நம் சேலத்துக்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான். இது பைபிளிலிருந்து எடுத்த பெயர், அமைதி என்று பொருள்படும் எபிரேயச் சொல்லை ஒட்டியது. 1626-ல் ரோஜர் கோனன்ட் என்பவரோடு வந்த சிறு கூட்டம் இங்கே குடியேறியது. மண்ணின் மக்கள் இதை நவும்கீக் என்று அழைத்தார்கள். 1629-ல் பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்திலிருந்து வந்த கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள், தங்கள் சபையை இங்கே நிறுவினார்கள். சார்ட்டர் தெருக் கல்லறைத் தோட்டம் 1637-லிருந்து இருக்கிறது. ஆனால் இன்று நிற்கும் கற்களில் மிகப் பழையது 1673-ஐச் சேர்ந்தது. இடையில் 36 வருடம்! அந்த முதல் தலைமுறையில் பெரும்பாலானவர்களுக்கு மரப்பலகை இருந்திருக்கும், அல்லது எதுவுமே இருந்திருக்காது. அவர்கள் புல்லுக்கு அடியில் இருக்கிறார்கள், நாம் அவர்கள் மேல்தான் நடக்கிறோம்.

பியூரிட்டன் கல்லறையில் சிலுவையைத் தேடாதீர்கள். சிலுவையும் சிலையும் ரோமாபுரிச் சபையின் வழக்கம் என்று அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். தொழுகைக் கூடத்தில் ஒரு படம்கூட வைக்காதவர்கள், கல்லறைக் கல்லில் மட்டும் சிறகுள்ள மண்டையோடு, குறுக்கெலும்பு, மணற்கடிகாரம் எல்லாம் செதுக்கவிட்டார்கள். கல்லின் வடிவத்தையும் கவனியுங்கள். மேலே வளைவு, இரண்டு பக்கமும் சின்னத் தோள். கட்டிலின் தலைப்பலகை மாதிரி இருக்கும். கால்மாட்டில் இன்னொரு சிறிய கல். செத்தவர் நியாயத்தீர்ப்பு நாள்வரை படுத்துத் தூங்குகிறார் என்ற நம்பிக்கை அந்தக் கல்லின் வடிவத்திலேயே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து மண்டையோடு மெல்ல உருமாறிக் குழந்தை முகமாகிறது. அதற்கப்புறம் முகமும் போய், நூற்றாண்டின் கடைசியில் வில்லோ மரமும் தாழியும் வந்துவிடுகின்றன. ஒரே தோட்டத்தில் பத்து நிமிடம் நடந்தால் சாவைப் பற்றி ஓர் ஊரின் மனசு மாறியதைக் கண்ணால் பார்க்கலாம்.

எனக்கு மிகப் பிடித்த கல் நத்தானியேல் மேத்தருடையது. புகழ்பெற்ற போதகர் காட்டன் மேத்தரின் தம்பி. பதினாறு வயதில் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர், 1688-ல் பத்தொன்பது வயதில் இறந்துபோனார். கல்லில் வெட்டியிருப்பதன் பொருள் இது: 'உலகில் பத்தொன்பது குளிர்காலங்களையே கண்ட ஒரு முதியவர்.' வேறு எந்த ஆவணத்திலும் இப்படி ஒரு வரி கிடைக்குமா, தெரியவில்லை. அதைக் கல்லில் பார்க்கிறபோது வருகிற நடுக்கம் புத்தகத்தில் வருவதில்லை.

கொஞ்ச தூரத்தில் திமொத்தி லிண்டால் என்பவரின் கல். எலும்புக்கூடும், காலத்தைக் குறிக்கும் கிழவனும் இருபுறம் நிற்க, மிக நுணுக்கமான வேலை. அதில் ஆண்டு '1698/9' என்று இருக்கும். பலர் அதைத் தவறு என்று நினைக்கிறார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயர்களுக்குப் புது வருடம் மார்ச் 25-ல்தான் பிறந்தது, 1752-ல்தான் ஜனவரி 1-க்கு மாறியது. அவர் இறந்தது ஜனவரியில். மார்ச்சில் தொடங்கும் கணக்கில் அது 1698, ஜனவரியில் தொடங்கும் கணக்கில் 1699. அதனால் இரண்டு கணக்கையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். இந்தச் சின்னக் கோடு தேய்ந்துபோனால் ஒரு குடும்பத்தின் வரலாற்றில் ஒரு வருடம் புரண்டுவிடும்.

இன்னொரு கல் சேலத்தில் இல்லை, பக்கத்தில் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அதுவும் பியூரிட்டன்கள் அமைத்த ஊர்தான். 1714-ல் இறந்த சிசிலி என்ற பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண்ணின் கல் அது. வில்லியம் பிராட்டில் என்ற போதகரின் 'பணியாள்' என்று அதில் போட்டிருக்கிறது. அந்தச் சொல்லை அடிமை என்றே படிக்க வேண்டும். அடிமைப்பட்டவர்களில் மிகச் சிலருக்குத்தான் கல் கிடைத்தது. இந்த ஒரு கல்லின் மேலேடு உதிர்ந்துவிட்டால் சிசிலிக்கு வேறு என்ன மிஞ்சும்?

சேலத்துக்கு அக்டோபரில் லட்சக்கணக்கில் கூட்டம் வருவது 1692-க்காகத்தான். சூனியக்காரர்கள் என்று பழி சுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றவாளியா இல்லையா என்று நீதிமன்றத்தில் பதில் சொல்ல மறுத்த கைல்ஸ் கோரி என்ற கிழவரின் மேல் பாறாங்கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்பது, "அவங்க கல்லறை எது?" என்றுதான். இங்கே இல்லை. தண்டனை பெற்றவர்களுக்கு அன்று யாரும் கல்லறைக் கல் வைக்கவில்லை. தூக்கிலிட்ட இடம் பிராக்டர்ஸ் லெட்ஜ் என்ற பாறைச் சரிவு என்று உறுதியானதே 2016-ல்தான். 2017-ல் அங்கே நினைவிடம் கட்டினார்கள். இந்தத் தோட்டத்தில் கல் இருப்பது, அவர்களை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாதோர்னுக்கு. 1717-ல் இறந்தார்.

மதிலை ஒட்டி 1992-ல் திறந்த நினைவிடம் இருக்கிறது. சுவரிலிருந்து நீட்டிய இருபது கல் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், கொன்ற விதம், தேதி. நுழையும் இடத்தில் தரையைப் பாருங்கள். 'நான் குற்றமற்றவள்' என்பது போல அவர்கள் நீதிமன்றத்தில் கதறிய வார்த்தைகளைக் கல்லில் வெட்டி, சுவருக்கு அடியில் பாதியிலேயே மறையும்படி வைத்திருக்கிறார்கள். சாப்பிட வசதியாக அந்தப் பலகைகளில் உட்காராதீர்கள். தயவுசெய்து.

சரி, எழுத்து தெளிவாகத் தெரியவில்லை என்றால் என்ன செய்வது? ஷேவிங் கிரீம் பூசுகிறார்கள், சாக்பீஸ் தேய்க்கிறார்கள், மாவு தூவுகிறார்கள். எல்லாமே கல்லின் துளைகளில் தங்கி அரிக்கும், அல்லது கறையாகும். வேறோர் ஊரில், தன் மூதாதையரின் கல் என்று அன்போடு வந்த ஒருவர் ப்ளீச்சும் கம்பி பிரஷ்ஷும் வைத்து அரை மணி நேரம் தேய்த்தார். பளிச்சென்று ஆனது உண்மைதான். இரண்டு குளிர்காலம் கழித்து அந்த முகம் பொடியாக உதிர்ந்ததை நான் பெருக்கி அள்ளினேன். ப்ளீச்சில் உள்ள உப்பு கல்லுக்குள் போய் உட்கார்ந்துவிடும், அதை வெளியே எடுக்க வழியில்லை. அவர் கெட்டவர் இல்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். பாஸ்டனின் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் சரி, சேலத்திலும் சரி, தேய்த்துப் படியெடுக்க அனுமதி இல்லை. கல்லில் சாய்ந்து படம் எடுப்பதும் வேண்டாம். மண்ணுக்குள் அடிப்பகுதி எவ்வளவு இளகியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே விழுந்து கிடக்கும் கல்லைத் தூக்கி நிறுத்தாதீர்கள், உடைந்த துண்டை நகர்த்தாதீர்கள். துண்டு கிடக்கும் இடத்தை வைத்துத்தான் நாங்கள் அதைப் பொருத்துகிறோம். போட்டோ எடுத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்களிடம் காட்டுங்கள்.

படிப்பதற்கு ஒரு கண்ணாடி போதும். நீளமான, மலிவான, சுவரில் மாட்டும் கண்ணாடி. ஒருவர் வெயிலில் நின்று அதைப் பிடிக்க வேண்டும், சூரிய ஒளி கல்லின் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து உரசிக்கொண்டு போகிற மாதிரி. நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. மேகமூட்டமான நாளென்றால் செல்போன் டார்ச்சை ஓரத்தில், கல்லில் படாமல் பிடியுங்கள்.

அன்றைக்கு அந்தச் சிறுமியிடம் என் கண்ணாடியைக் கொடுத்தேன். மேத்தரின் கல்லுக்கு எதிரே நின்று, அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள். ஒளி ஓரத்துக்குப் போனதும் வெறும் சாம்பல் கல்லாக இருந்ததில் ஒவ்வொரு எழுத்தும் கறுப்பு நிழலோடு எழுந்து நின்றது. அவளே எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். பத்தொன்பது என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "அம்மா, நம்ம அண்ணனுக்கும் பத்தொன்பதுதானே?" என்றாள். அவள் அம்மா பதில் சொல்லாமல் பையிலிருந்து போனை எடுத்து, அந்தக் கண்ணாடி வெளிச்சம் நகர்வதற்குள் கல்லைப் படம் பிடித்துக்கொண்டார்.