லைட்டையே தாங்குது, கண்ணாடியைத் தாங்காதா?

நான் எலக்ட்ரீஷியன். சுவர் லைட்டில் கண்ணாடியை மாட்டி வயர் கருகின வீடு, இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஓர் அக்கா கராஜை மணப்பெண் அலங்கார அறையாக மாற்றி வைத்திருக்கிறார். சுவர் லைட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கிற மடக்குக் கை ஒன்று, அதன் நுனியில் கண்ணாடி. ஏற்றலாம், இறக்கலாம், திருப்பலாம். "லைட் விட்டு விட்டு எரியுது தம்பி, பல்பை மாத்திட்டுப் போங்க" என்றுதான் கூப்பிட்டார்.

பல்பில் ஒன்றுமில்லை. லைட்டைக் கழற்றினேன், மீன் கருகின வாடை அடித்தது. சிவப்பு வயரின் உறை ஒரு விரல்கடை நீளத்துக்குக் கறுத்துச் சுருண்டிருந்தது.

"லைட்டையே தாங்குது, ஒரு கண்ணாடியைத் தாங்காதா?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தாங்காது அக்கா. 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. உங்களுடைய 60க்கு 40 செ.மீ. கண்ணாடி மட்டுமே 2.4 கிலோ, சட்டமும் கையும் தனி. அதுவும் சுவரோடு ஒட்டியா இருக்கிறது, அரை மீட்டர் தள்ளியல்லவா தொங்குகிறது. இடுப்பில் சுமக்கிற குடத்தையே கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், அந்த லைட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சின்னத் திருகுகளின் பாடு புரியும். நம் ஊர்க் கடல்காற்றில் அவையும் பாதி துருதான். சரி, பாரத்தைக்கூட விடுங்கள், ஒவ்வொரு பெண் வந்து உட்காரும்போதும் கண்ணாடியை இழுத்துத் திருப்புகிறீர்களே, அப்போதெல்லாம் லைட்டும் மயிரிழை அசைகிறது, உள்ளே வயரும் அசைகிறது, ஒருநாள் முனையில் பிடி தளர்கிறது. தளர்ந்த இடம் சுடும்.

அடுத்த சமாதானம், "எர்த் லீக்கேஜ் இருக்கே, விழுந்துடுமே." விழாது. மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் தரைக்குக் கசிந்தால் விழுந்து லைனை அணைக்கிற கருவி அது. இங்கே எதுவும் கசியவில்லை, சூடுதான் ஏறுகிறது. அதோடு நம் பக்கத்துப் பல வீடுகளில் பிளக் லைன் மட்டும்தான் அதன் வழியாகப் போகிறது. டிபி போர்டில், அதாவது வீட்டு லைன்களெல்லாம் பிரிகிற ஸ்விட்ச் பெட்டியில், அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். லைட் எரிந்துகொண்டே இருந்தால், அந்த லைனுக்கு அந்தக் காவல் இல்லை. (வீடு விற்கும்போது சிஓசி, அதாவது வயரிங் ஒழுங்காக இருக்கிறது என்ற சான்றிதழ், கேட்டு வருவீர்கள். இப்படி ஒன்று தொங்கினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.)

எவ்வளவு பாரம் தாங்கும் என்று லைட்டைச் செய்தவரே எழுதியிருந்தால் ஒழிய, அதில் எதையும் மாட்டாதீர்கள். கண்ணாடிக் கையைச் சுவரிலேயே தனியாகத் திருகுங்கள், இல்லையென்றால் மேசையில் நிற்கிற கண்ணாடி வாங்குங்கள். லைட் மினுங்கினாலோ வாடை வந்தாலோ போர்டில் அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள், பல்பை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். அப்புறம் அந்த முகம் பெரிதாகத் தெரியும் குழிக்கண்ணாடி, தயவுசெய்து ஜன்னல் வெயில் படும் இடத்தில் அது வேண்டாம், திரைச்சீலையைப் பொசுக்கிவிடும்.

எல்லாம் கேட்டுக்கொண்டு அக்கா, "சுவரில் ஓட்டை போட்டால் எங்க வீட்டுக்காரர் திட்டுவாரே" என்றார். கருகின வயர்த் துண்டை அவர் கையில் கொடுத்து, இதைக் காட்டிவிட்டுக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.