ஒப்படைகளில் செயற்கை நுண்ணறிவு: சட்டம் தரும் உரிமையும் அதன் எல்லையும்

வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் பயிலும் மாணவர்கள் ஒப்படைக்கோ ஆய்வேட்டுக்கோ சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயலிகளை நாடும்போது, பதிப்புரிமை தொடர்பில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு உட்படுகின்றனர். அச்சட்டம் ஆக்கியோன் என்று ஏற்பது படைப்பை உருவாக்கிய மனிதரையே. ஆகவே செயலி எழுதிய பந்தியைத் தம் ஆக்கமென உரிமை கோர மாணவருக்கு உறுதியான சட்ட அடிப்படை இல்லை. ஆனால் அதிலுள்ள பிழைக்குப் பொறுப்பு, ஒப்படையில் பெயரிட்டவருடையதே.

விமர்சனம், கற்பித்தல், ஆராய்ச்சி முதலியவற்றுக்கான நியாயமான பயன்பாடு உரிமை மீறலாகாது என்று 11 ஆம் பிரிவு கூறுகின்றது. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்தாண்ட அளவு, சந்தைப் பெறுமதிக்கு நேரும் பாதிப்பு ஆகியவற்றைக் கொண்டே அது நியாயமானதா என்பது தீர்மானிக்கப்படும். இதில் அளவையே மாணவர்கள் பெரிதும் கவனிப்பதில்லை. தேவையான சில பந்திகளை மேற்கோளிடுவதும், ஒரு நூலை முழுமையாக வருடி (ஸ்கேன் செய்து) செயலியில் ஏற்றுவதும் ஒன்றல்ல. பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிப்பதால், ‘நூலகம்’ என்னும் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கும் ஈழத்து நூல்களிற் பலவற்றுக்கும் அந்தப் பாதுகாப்பு இன்னும் உண்டு.

இரணைமடுக் குளத்தைப் பற்றிய ஒப்படைக்கு உசாத்துணை கேட்டால், அது கனகராயன் ஆற்று நீரைப் பெறுகின்றது என்ற சரியான தகவலுக்கு அடுத்த வரியிலேயே, எங்கும் வெளிவராத ஓர் ஆய்வுக் கட்டுரையை ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் சகிதம் செயலி தந்துவிடக்கூடும். மூலத்தைத் தாமே திறந்து வாசிக்காத எதையும் மாணவர் உசாத்துணைப் பட்டியலிற் சேர்க்கலாகாது. எந்தச் செயலியை எந்த நாளில் எதற்காகப் பயன்படுத்தினோம் என்பதை ஒப்படையிலேயே குறிப்பிடுவதும், அதற்கு அனுமதியுண்டா என விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேட்டறிவதும் அவசியம்.

களஆய்வில் இதைவிடக் கூடுதலான அவதானம் வேண்டும். முல்லைத்தீவில் ஒரு விவசாயி தமது காணிப் பிணக்கையோ, காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றியோ மாணவரை நம்பிச் சொன்னவற்றை, பெயரும் தொலைபேசி இலக்கமும் நீக்கப்படாமல் செயலியில் ஏற்றுவது அந்த நம்பிக்கையை மீறுவதாகும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விபரங்களையும் தனிப்பட்ட தரவாகவே கொள்கின்றது. செயலியைப் பயன்படுத்தும் எண்ணம் இருப்பின், சம்மதப் படிவத்தில் அதைத் தனியாக எழுதி, வாய்மொழியாகவும் விளக்கிய பின்னரே கையொப்பம் பெற வேண்டும்.