பாக்ஸ் வால்யூம் = கொள்ளளவு (சொல் விளக்கம்)

சப்வூஃபர் (அடி பேஸுக்குன்னே இருக்கிற ஸ்பீக்கர்) பொட்டி அடிக்கிறவங்க பேச்சுல 'பாக்ஸ் வால்யூம்'னு ஒரு வார்த்தை வந்துட்டே இருக்கும். புதுசா கேக்குறவங்க சவுண்டைக் கூட்டிக் குறைக்கிற வால்யூம்னு நினைச்சுக்குறாங்க, அது இல்லீங்க, பொட்டிக்குள்ள எத்தனை லிட்டர் காத்து நிக்குதுங்கிறதுதான் இது.

லத்தீன்ல வோலூமென்னா சுருள், சுருட்டி வைக்கிற பழைய காலத்துப் புத்தகம். அது புத்தகம்னு ஆகி, புத்தகத்தோட பருமன்னு ஆகி, அப்புறம் எல்லாப் பொருளோட பருமனுக்கும் போய், சத்தத்துக்கு வந்தது ரொம்பப் பிந்தி.

தமிழ்ல கனஅளவு, கொள்ளளவுன்னு ரெண்டு இருக்கு. கனஅளவுன்னா பொருள் அடைக்கிற இடம் மொத்தமும், மரத்தோட தடிமனும் அதுல சேந்துரும். கொள்ளளவு அப்படி இல்ல, கொள் + அளவு, வினைத்தொகை, 'இந்த அண்டா எத்தனை படி கொள்ளும்'னு கேக்குறோமே அதே கொள்தான். என் ஓட்டு இதுக்குத்தான், ஏன்னா ஆசாரிகிட்ட 34 செ.மீ. கனசதுரப் பொட்டின்னு மட்டும் சொல்லிட்டு வந்தா வெளிக்கணக்குல 39 லிட்டர் வரும், 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செஞ்ச பலகை) ரெண்டு பக்கமும் தின்னது போக உள்ள 30.4 செ.மீ.தான், அதாவது வெறும் 28 லிட்டர், இதுல ஸ்பீக்கரோட மேக்னெட்டும் உள்ள அடிக்கிற ரீப்பர் கட்டையும் அடைக்கிற இடத்தை வேற கழிக்கணும்.

சரி எத்தனை லிட்டர் வேணும்? '10 இன்ச்சுக்கு ஒரு கன அடி'ங்கிற வாய்க்கணக்கை நம்பாதீங்க, ஒரே 10 இன்ச்சுல ரெண்டு டிரைவர் (பொட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கர்) வேற வேற கொள்ளளவு கேக்கும். டிரைவரோட ஸ்பெக் ஷீட்ல வி.ஏ.எஸ். (Vas)னு லிட்டர்ல ஒரு நம்பர் இருக்கும், ஆடியோ இன்ஜினியர் நெவில் தீல் 1961ல போட்ட கணக்கும் 70கள்ல ரிச்சர்ட் ஸ்மால் விரிச்சு எழுதினதும் சேந்த வழி இது. முன்னும் பின்னும் ஆடுற கோனைப் பின்னாடி பிடிச்சிருக்கிற ஸ்பைடரும் ஓரத்துல பிடிச்சிருக்கிற சர்ரவுண்டும் எவ்வளவு இளக்கமோ, அதே இளக்கம் எத்தனை லிட்டர் காத்துக்கு இருக்கும்ங்கிறதுதான் அந்த நம்பர்.

சீல்டு பொட்டிக்கு (ஓட்டை இல்லாம முழுசா அடைச்சது) 0.707ஐ (பொட்டியில போட்டப்புறம் நாம வச்சுக்குற க்யூ) ஸ்பெக் ஷீட்ல இருக்கிற க்யூ.டி.எஸ்.ஆல (Qts, டிரைவரோட ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும்ங்கிற நம்பர்) வகுத்து, வர்றதை அதாலயே பெருக்கி, 1 கழிச்சு, அதால வி.ஏ.எஸ்.ஸை வகுங்க. வி.ஏ.எஸ். 60, க்யூ.டி.எஸ். 0.4, எஃப்.எஸ். (Fs, பொட்டி இல்லாம டிரைவர் தானா அதிர்ற ரெசனன்ஸ்) 28 ஹெர்ட்ஸ்னா 28 லிட்டர் சொச்சம் வரும், பொட்டியில போட்டதும் ரெசனன்ஸ் 50 ஹெர்ட்ஸ் கிட்ட நிக்கும். இடம் இல்லைன்னு இதையே 15 லிட்டர்ல திணிச்சா 63 ஹெர்ட்ஸுக்கு ஏறிடும், அடி பேஸ் போயிட்டு தொம் தொம்னு ஒரே இடத்துல முட்டும், அதைக் கேட்டுட்டு செம பேஸுன்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, என்ன பண்றது.

போர்ட் (காத்து போய் வர்ற குழாய்) வச்ச பொட்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்க போர்ட் குழாய் அடைக்கிற இடத்தையும் கழிச்சுதான் கொள்ளளவு, அது தப்பினா ட்யூனிங்கும் (போர்ட் எந்த ஹெர்ட்ஸ்ல வேலை செய்யும்ங்கிறது) சேந்து தப்பும்.