வேகத்தடையை வரைபடத்தில் ஏற்றும் முன்

சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்குச் செல்லும் இடங்களில், வேலை முடிந்ததும் அதே சாலையை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் ஒருமுறை ஒத்துப்பார்ப்பது என் வழக்கம். அண்மையில் ஒரு மாவட்ட இதரச் சாலையில் அப்படிப் பார்த்தபோது, வரைபடத்தில் இருந்த வேகத்தடைகளில் மூன்று தரையில் இல்லை. புதிதாகத் தார் போட்டபோது அவற்றை எடுத்துவிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில், வெள்ளைக் கோடெல்லாம் தேய்ந்து, இரவில் இருசக்கர வாகனத்தைத் தூக்கிப்போடும் நிலையில் இருந்த ஒன்றோ வரைபடத்தில் ஏறவே இல்லை.

இந்த வரைபடத்தை வைத்து வழிகாட்டும் செயலி, இல்லாத தடைக்கு எச்சரிக்கை கொடுத்தால் என்ன கெட்டுவிடும், மெதுவாகத்தானே போவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு முறை வெறும் சாலையில் பிரேக் போட்ட ஓட்டுநர் மூன்றாவது முறை செயலி சொல்வதைக் காதில் வாங்கமாட்டார் என்பதுதான் கெடுதல். அதனால்தான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ‘ஹசார்ட்’ (ஆபத்து) என்ற குறிச்சொல், எச்சரிக்கைப் பலகை நடப்பட்ட இடங்களுக்கும் அரசு அறிவித்த இடங்களுக்கும் உரியது என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. நமக்குப் பின்னால் அங்கே போகிறவரும் நேரில் பார்த்து ‘ஆம், இருக்கிறது’ என்று சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். ‘இந்த வளைவில் எனக்குக் கை நடுங்கியது’ என்பது உண்மையாகவே இருந்தாலும் வரைபடத் தகவல் ஆகாது. தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் அல்லது பத்து மரணங்கள் என்ற கணக்கு வைத்துத்தான் மத்திய அரசே ஓரிடத்தை விபத்துக் கரும்புள்ளி என்று அறிவிக்கிறது.

அதிகமான தவறுகள் நடப்பது புள்ளியை வைக்கும் இடத்தில்தான். வழிகாட்டும் செயலி, வரைபடத்தில் சாலையைக் குறிக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகிறது. அந்தக் கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித் தனியே மிதக்கும் வேகத்தடைப் புள்ளி நம் கண்ணுக்குத் தெரியுமே தவிர, செயலியின் கணக்கில் சேராது. புள்ளி கோட்டின் மேலேயே, கோட்டோடு இணைந்ததாக இருக்க வேண்டும். அதையே கொண்டுபோய்ச் சந்திப்புப் புள்ளியில் வைத்துவிட்டால், குறுக்கே போகும் சாலையில் வருபவருக்கும் சேர்த்து எச்சரிக்கை போகும். நடுவே தடுப்புச் சுவர் உள்ள சாலையில் இரு திசைக்கும் தனித்தனிக் கோடு இருப்பதால், தடை எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தக் கோட்டில் மட்டும் வையுங்கள். ஒரே கோடாக வரைந்த சாலையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரிய பலகை என்றால், கோடு வரையப்பட்ட திசையைப் பார்த்து ‘ஃபார்வர்டு’ அல்லது ‘பேக்வர்டு’ என்று சேர்த்துவிட வேண்டும். லெவல் கிராசிங்கில் சாலைக் கோடும் தண்டவாளக் கோடும் ஒரே புள்ளியைப் பகிர்ந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள் கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேகத்தடையின் வகையும் முக்கியம். சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டு நெறி, 1988ஆம் ஆண்டுப் பதிப்பில், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வட்ட முதுகுத் தடையைச் சொல்கிறது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்குவதற்கான அளவு அது. நம் தெருக்களில், மிஞ்சிய கான்கிரீட்டைக் கொட்டிக் கரணையால் தடவிய மேடுகளுக்கும் இந்த அளவுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும், அனுமதி பெற்றதா என்பது வரைபடக்காரரின் கேள்வி அல்ல. நீண்ட முதுகுடையது ‘ஹம்ப்’, குறுகலாகச் செங்குத்தாக எழும்புவது ‘பம்ப்’, வரிசையாக ஒட்டிய மெல்லிய பட்டைகள் ‘ரம்பிள் ஸ்ட்ரிப்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

மழைக்காலத்தில் வேறொரு சிக்கல் வருகிறது. தரைப்பாலத்தில் வெள்ளம் ஓடுகிறது என்று ஆர்வமுள்ள ஒருவர் அந்தச் சாலையையே ‘செல்ல முடியாது’ என்று மாற்றிவிடுகிறார். தண்ணீர் மறுநாளே வடிந்துவிடும். ஆனால் அந்த இடைவெளியில் வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொண்டவரின் கைப்பேசியில், அடுத்த முறை புதுப்பிக்கும் வரை அந்தப் பாலம் மூடியேதான் கிடக்கும். விழுந்த மரம், நின்றுபோன லாரி, இன்றைய வெள்ளம் ஆகியவற்றுக்கு, தாமாகவே காலாவதியாகும் நேரலைத் தகவல்களைக் கொண்ட வேஸ் போன்ற செயலிகள்தான் பொருத்தம். ஆண்டுதோறும் முழுகும் தரைப்பாலத்துக்கும் ரயில்வே சுரங்கப்பாதைக்கும், வெள்ளம் தேங்கக்கூடியது என்ற நிரந்தரக் குறிச்சொல் தனியே உண்டு.

விலங்குகள் கடக்கும் இடங்களிலும் இதே நிதானம் தேவை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் திம்பம் மலைப்பாதையில், நேற்று மாலை யானை நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைப்பதால் பயனில்லை. பலகை எந்தத் தொலைவுக்கு எச்சரிக்கிறதோ அந்தச் சாலைத் துண்டு முழுவதற்கும் குறிச்சொல் கொடுக்க வேண்டும். அங்குள்ள 27 கொண்டை ஊசி வளைவுகளும் கோட்டின் வளைவிலேயே தெரிகின்றன. ஆகவே அந்தக் கோட்டைச் சரியாக வரைவதே முதல் வேலை என்பது என் கருத்து.

கூகுள் வரைபடத்தையோ அதன் தெருப் படங்களையோ பார்த்து எதையும் நகலெடுக்கக் கூடாது. உரிமச் சிக்கல் வரும். வண்டி ஓட்டிக்கொண்டே திருத்தவும் வேண்டாம். ஓரமாக நிறுத்திக் குறிப்பு போட்டு வைத்தால் வீட்டில் வந்து ஏற்றிக்கொள்ளலாம். இல்லாத தடையை நீக்கும்போது, முன்பு அதைச் சேர்த்தவர் எப்போது சேர்த்தார் என்று வரலாற்றைப் பார்த்து, ‘நேரில் பார்த்தேன், புதுத் தார் போட்டபோது எடுக்கப்பட்டுள்ளது’ என்று தேதியோடு ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த வரி இல்லாவிட்டால், பழைய ஒளிப்படத்தை வைத்திருக்கும் இன்னொருவர் அடுத்த வாரமே அதைத் திரும்பச் சேர்த்துவிடுவார்.