புல் கூரையும் தகரக் கூரையும்

கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரியை ஒட்டி சியாயா என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே எந்த வீட்டுக்குப் பண உதவி தேவை என்று கண்டுபிடிக்க, 'கிவ் டைரக்ட்லி' என்ற தொண்டு நிறுவனம் அண்ணாந்து பார்த்தது. கூரை புல்லா, தகரமா? புல் வேய்ந்த வீடாக இருந்தால் உதவி பெறத் தகுதி இருந்தது.

அப்புறம் நடப்பதும் எளிதுதான். குடும்பத்தில் ஒருவர் பெயரில் சிம் கார்டு பதிவாகும். கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை வழியாகத் தொகை வந்து சேரும். அதை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பின்னால் கணக்குக் கேட்பதில்லை. திருப்பித் தரவும் வேண்டியதில்லை.

சரி, அந்தப் பணம் வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது? இதைப் பற்றிப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அந்தக் கூரையிலிருந்தே பார்க்கலாம்.

புல் மழையில் மட்கும், ஒழுகும். ஒழுகிய இடத்தை அடைத்தால் அடுத்த மழைக்குப் பக்கத்தில் ஒழுகும். கொஞ்ச காலத்துக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும். புல்லுக்கும் ஆள்கூலிக்கும் காசு போய்க்கொண்டே இருக்கும். தகரம் போட்டுவிட்டால் பத்து வருஷத்துக்குமேல் தாங்கும். மொத்தக் கணக்கில் தகரம்தான் மலிவு. இது புல் வீட்டில் இருப்பவருக்குத் தெரியாத கணக்கு இல்லை. தகரத்துக்கு ஒரே நேரத்தில் முழுப் பணமும் வேண்டும், புல்லுக்குச் சில்லறையாகக் கொடுத்தால் போதும். முழுப் பணம் கையில் சேராததால், செலவு அதிகமான வழியிலேயே அவர் வருஷக்கணக்காகப் போக வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வுகளில் என்னை மிகவும் உலுக்கிய விஷயம் இதுதான்: பணம் இல்லாமல் இருப்பதற்கே தனியாக ஒரு செலவு இருக்கிறது.

தானியத்திலும் இதே கதை. அறுவடை முடிந்த கையோடு சந்தையில் மக்காச்சோளம் குவியும், விலை விழும். சில மாதம் வைத்திருந்து விற்றால் நல்ல விலை கிடைக்கும். ஆனால் பள்ளிக் கட்டணமும் பழைய கடனும் அதுவரை காத்திருக்காது. அதனால் மலிவாக விற்றுவிட்டு, பின்னால் விலை ஏறிய நேரத்தில் அதே தானியத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிற குடும்பங்கள் மேற்குக் கென்யாவில் ஏராளம். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் மூட்டையை அவிழ்க்காமல் காத்திருக்கலாம். நிலம், மழை, உழைப்பு எதுவும் மாறாமலேயே வருமானம் கூடுகிறது.

இந்த இடத்தில் பலருக்கும் வருகிற சந்தேகம், 'குடித்தே தீர்த்துவிட மாட்டார்களா?' என்பது. பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை டேவிட் எவன்ஸ், அன்னா பொப்போவா என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பண உதவியால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. சில இடங்களில் குறைந்தே இருந்தது. இந்தச் சந்தேகத்தை இதற்குமேல் தூக்கிக்கொண்டு திரிவது ஏழைகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

மொத்தமாகக் கொடுப்பதா, மாதாமாதம் கொடுப்பதா என்ற கேள்விதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. யோஹானஸ் ஹவுஸ்ஹோஃபர், ஜெரெமி ஷாபிரோ இருவரும் இதே பகுதியில் 2011 முதல் 2013 வரை நடத்திய ஆய்வில் சில வீடுகளுக்கு 25,200 ஷில்லிங் ஒரே தவணையில் போனது. சில வீடுகளுக்கு அதே தொகை மாதம் 2,800 வீதம் ஒன்பது மாதம் போனது. மாதாமாதம் பெற்றவர்கள் வீட்டில் சாப்பாட்டுக் கவலை குறைந்தது. மொத்தமாகப் பெற்றவர்கள் தகரம், வீட்டுச் சாமான் போன்ற நீண்ட நாள் நிற்கும் பொருள்களாக வாங்கினார்கள். குலுக்கல் முறையில்தான் வீடுகளைப் பிரித்தார்கள் என்பதால், இரண்டு தரப்புக்கும் ஆசைகள் ஒன்றேதான். பணம் வந்த வேகம் மட்டுமே வேறு.

சில்லறையாக வரும் பணத்தை மொத்தமாக மாற்றும் வித்தையும் மக்களுக்குத் தெரியும். கென்யாவில் 2018 வாக்கில் தொடங்கிய இன்னொரு ஆய்வில், 12 வருஷத்துக்கு மாதாமாதம் பணம் வரும் என்று சில ஊர்களுக்கு உறுதி கொடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் பலர் சேர்ந்து சீட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு மாதமும் எல்லாருடைய பங்கும் ஒருவர் கைக்குப் போகும். அவர் அதில் ஒரு சிறு தொழிலைத் தொடங்குவார். அடுத்த மாதமும் பணம் நிச்சயம் வரும் என்று தெரிந்ததால்தான் சீட்டில் துணிந்து சேர முடிந்தது.

பணம் மனசுக்குள் என்ன செய்கிறது என்பதை அளப்பது கடினம். ஹவுஸ்ஹோஃபர் குழு எச்சில் மாதிரி எடுத்து, மன அழுத்தத்தோடு கூடும் கார்ட்டிசால் ஹார்மோனை அளந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியில் மாற்றம் தெரியவில்லை. பெரிய தொகை பெற்ற வீடுகளில் அது குறைந்திருந்தது. நம் பக்கத்து ஆய்வு ஒன்றும் உண்டு: தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு, அறுவடைக்கு முன் கை வறண்ட நேரத்தில் ஒரு முறையும், பணம் வந்தபின் ஒரு முறையும் ஒரே மாதிரி அறிவுச் சோதனைகள் வைத்தார்கள். பணம் வந்தபின் அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள். 2013இல் வெளிவந்த இந்த முடிவு பரபரப்பாகப் பேசப்பட்டது. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் செய்த ஒரு சோதனையில் அப்படி வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆகவே கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதைப் பாதி நிரூபணமாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

இனி வீட்டுக்கு வெளியே வருவோம். ஊரில் பாதிப் பேருக்குப் பணம் வந்தால் விலைவாசி ஏறி, வராதவர்கள் நசுங்கிப்போவார்களே என்ற பயம் நியாயமானது. அதைச் சோதிக்கவே சியாயாவில் 653 கிராமங்களை எடுத்துக்கொண்டு, 10,500க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா ஏறக்குறைய 1,000 டாலர் கொடுத்தார்கள். ஒரு வீட்டின் வருஷச் செலவில் முக்கால்வாசி அது. இவ்வளவு பணம் இறங்கியும் விலைவாசி சராசரியாக 0.1 சதவீதம்தான் ஏறியது. கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர்ப் பொருளாதாரம் ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்குப் பெருகியது. பணம் கிடைக்காத வீடுகளிலும் செலவு செய்யும் சக்தி கூடியது.

இது எப்படி நடக்கிறது? ஒரு மாவு மில்லை நினைத்துப் பாருங்கள். இயந்திரம் இருக்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறார். அரைக்க வருகிறவர்கள்தான் இல்லை. நாளில் பாதி நேரம் மில்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் வந்தால் அவருக்குப் புது இயந்திரம் வேண்டாம், விலையை ஏற்றவும் காரணம் இல்லை. கூடுதலாக ஓட்டினால் போதும். தையல்காரர், தச்சர், பெட்டிக்கடைக்காரர் நிலைமையும் அதேதான். ஊரில் உழைப்பும் திறமையும் சும்மா கிடந்தன, வாங்க ஆள் வந்ததும் அவை வேலை செய்யத் தொடங்கின. தகரம் வாங்கியவரின் காசு கூரை போட்டவரிடம் போய், அங்கிருந்து மில்லுக்கும் கடைக்கும் போகிறது.

அதே கிராமங்களில் பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2025இல் வெளிவந்தது. பணம் பெற்ற குடும்பங்களில், ஒரு வயது முடிவதற்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 48 சதவீதம் குறைந்திருந்தது. நான் இந்த எண்ணை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன். புது மருந்தோ தடுப்பூசியோ இதில் கிடையாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் தாய்மார்கள் வேலை செய்யும் நேரம் ஏறக்குறைய பாதியானது. நிறைமாதத்தில் வயலில் குனியாமல், தண்ணீரும் விறகும் கூலிக்குச் சுமக்காமல் உட்கார முடிந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவங்களும் நன்றாகக் கூடின.

ஆனால் இந்தப் பலன் எல்லா ஊருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. பிரசவத்தை ஒட்டிப் பணம் வந்த வீடுகளிலும், டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த வீடுகளிலும்தான் அதிகக் குழந்தைகள் பிழைத்தன. உதவி நின்றபின் இறப்பு விகிதம் பெருமளவு பழைய நிலைக்கே திரும்பியது. உகாண்டாவிலும் இப்படி ஒரு அனுபவம் உண்டு. தொழில் தொடங்கப் பணம் பெற்ற இளைஞர்கள் நான்கு வருஷத்தில் மற்றவர்களைவிட நன்றாக முந்தினார்கள். ஒன்பது வருஷத்தில் மற்றவர்களும் மெல்ல மெல்ல அந்த வருமானத்தை எட்டிவிட்டார்கள். முன்பே வாங்கிச் சேர்த்த சொத்து மட்டும் முதலில் பெற்றவர்களிடம் கூடுதலாக நின்றது.

நிறைமாதப் பெண் ஒருத்தியின் செல்போனில் இன்று பணம் வந்தால், வண்டிக்குக் கொடுக்க அவளிடம் காசு இருக்கும். வண்டி போய் நிற்கிற இடத்தில் ஒரு டாக்டரை உட்கார வைப்பது அவளால் ஆகாத காரியம். சாலையும் ஆஸ்பத்திரியும் போட வேண்டியது அரசாங்கம். ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருந்து, அவள் கையிலும் பணம் வந்த இடங்களில்தான் அதிகக் குழந்தைகள் பிழைத்தன.