'கிளிக்' என்றால் அழுத்துவதல்ல

வலைப்பக்கங்களை இயங்கவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பற்றிய பயிற்சிக் குறிப்பு ஒன்றில், பயனர் ஒன்றைக் கிளிக் செய்ததை நிரலுக்குத் தெரிவிக்கும் 'கிளிக் ஈவென்ட்' என்பதை 'அழுத்த நிகழ்ச்சி' என்று போட்டிருந்தார்கள். பல இடங்களில் பார்த்துச் சலித்துப்போன மொழிபெயர்ப்பு. இரண்டு சொல், இரண்டுமே தப்பு.

'நிகழ்ச்சி' என்ற சொல்லை முதலில் பார்த்துவிடுகிறேன். ஈவென்ட் லத்தீனிலிருந்து வந்தது. 'வெளிவருவது', அதாவது நேர்வது என்று பொருள். தமிழில் 'நிகழ்' என்ற வினையிலிருந்து நிகழ்வும் வரும், நிகழ்ச்சியும் வரும். ஆனால் இன்றைய வழக்கில் நிகழ்ச்சி என்றால் மேடை போட்டு, நேரம் குறித்து நடத்துவது. பயனர் எப்போது எந்தப் பொத்தானைத் தொடுவார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நிகழ்வு.

இனி கிளிக். ஆங்கிலத்தில் அது ஒலியிலிருந்து பிறந்த சொல். நம் 'சொடுக்கு' என்பதும் அப்படித்தான். விரலைச் சொடுக்குகிறோம், சாட்டையைச் சொடுக்குகிறோம். பிள்ளைகள் நெற்றியில் அடித்து உடைக்கும் சொடக்குத் தக்காளிக்கும் அந்தச் சத்தத்தால்தான் பெயர்.

'அழுத்து எளிய சொல், எல்லாருக்கும் புரியுமே' என்பார்கள். புரியும், ஆனால் தப்பாகப் புரியும். உலாவியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுட்டியின் (மவுஸின்) பொத்தானை அழுத்தியதும் வருவது 'மவுஸ்டவுன்' என்ற நிகழ்வு. விரலை எடுத்ததும் 'மவுஸ்அப்'. அதற்கும் பிறகுதான் 'கிளிக்'. திரையில் உள்ள பொத்தான்மேல் அழுத்தி, விடாமல் வெளியே இழுத்துப்போய் விட்டுப்பாருங்கள்: அழுத்தியது உண்மை, ஆனால் அந்தப் பொத்தானில் கிளிக் நிகழாது. கிளிக்கையே அழுத்து என்று சொல்லிவிட்டால் மவுஸ்டவுனுக்கு என்ன பெயர் வைப்பது? அந்தக் குறிப்பை எழுதியவர் அதற்கும் 'அழுத்தல்' என்றே எழுதியிருந்தார். படிக்கிற பிள்ளை இரண்டையும் எப்படிப் பிரித்தறியும்?

விரலைச் சொடுக்கிப் பாருங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும்வரை சத்தமே இல்லை. வழுக்கி விடுபட்ட பிறகுதான் 'சொடக்'. அழுத்தி விட்டால்தான் சொடுக்கு. கிளிக் நிகழ்வும் அதேதான். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் சொல்லை வைத்துக்கொண்டு ஏன் வேறு தேட வேண்டும்?

அதற்காக மவுஸை எலியாக்கி 'எலிச்சொடுக்கு' என்று நீட்டுவதையும் என்னால் ஏற்க முடியாது. திரையில் உள்ள பொத்தானுக்குக் குவியம் (ஃபோகஸ்) கொடுத்து என்டர் விசையைத் தட்டினாலும் கிளிக் நிகழ்வு வரும். கைபேசியில் விரலால் தொட்டாலும் வரும். எலிக்கு அங்கே என்ன வேலை? கைபேசிப் பயனருக்கு 'தட்டுங்கள்' என்று சொல்வதில் தவறில்லை, பேச்சில் 'கிளிக் பண்ணு' என்பதிலும் எனக்குச் சண்டையில்லை. நிரல் கற்பிக்கும் இடத்தில் மட்டும் சொல் துல்லியமாக இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் பல நேரம் திரையைப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் பார்த்து எழுதுகிறார்கள். 'ஆட்ஈவென்ட்லிசனர்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைக்கு 'நிகழ்ச்சிக் கேட்பாளரைச் சேர்' என்று வருவது அதனால்தான். வானொலி நேயரா அங்கே உட்கார்ந்திருக்கிறார்? நிகழ்வு வருகிறதா என்று காத்திருந்து, வந்ததும் நாம் கொடுத்த செயற்கூறை (ஃபங்ஷனை) இயக்கும் ஏற்பாடு அது; அப்படி இயங்கும் செயற்கூறுதான் கையாளி. 'பொத்தானின் சொடுக்கு நிகழ்வுக்கு ஒரு கையாளியை இணை' என்று எழுதினால் மாணவருக்கு வேலை விளங்கிவிடும்.