இலக்கணமாதல்: 'பெறு' என்பது 'முடியும்' ஆன கதை

தனிப்பொருள் உள்ள ஒரு சொல் நாளடைவில் அந்தப் பொருள் தேய்ந்து, இலக்கண வேலை பார்க்கும் உறுப்பாக மாறுவதைக் 'கிராமட்டிகலைசேஷன்' என்பார்கள். பிரெஞ்சு மொழியியலர் அந்துவான் மெய்யே 1912இல் இதற்கு இட்ட பெயர் அது. தமிழில் இலக்கணமயமாதல், இலக்கணமாக்கம் என்றும் எழுதுகிறார்கள். யாரும் திட்டமிட்டு ஆக்குவதில்லை, தானாக ஆவது. ஆகவே 'இலக்கணமாதல்' போதும். 'தூங்கிவிட்டான்' என்பதில் அவன் எதையும் விடவில்லை அல்லவா, 'விடு' அங்கே செயல் முடிந்ததை மட்டும் காட்டுகிறது, அதுதான்.

இதைப் பார்க்க நல்ல இடம் தென்கிழக்கு ஆசியா. 'பெறு' என்னும் வினை தாய்லாந்து மொழியில் 'டாய்', கம்போடியாவின் மொழியான கெமரில் 'பான்', வியட்நாமியத்தில் 'டுவக்', தென்சீனத்தில் பேசும் கான்டனீயத்தில் 'தக்'. நான்கிலும் அது வினைக்குப் பின்னால் வந்தால் 'முடியும்'. தாய்லாந்து மொழியில் 'பை' என்றால் போ. 'பை டாய்' என்றால் போக முடியும். முன்னால் வந்தால் கதை வேறு: 'டாய் பை' என்பது போக வாய்த்தது, போனார் என்ற பொருள் தரும். எதிர்மறைச் சொல் 'மை' சேரும்போதுதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவார்கள். 'மை டாய் பை' என்றால் போகவில்லை; 'பை மை டாய்' என்றால் போக முடியாது. கெமரிலும் இதே வரிசை, இதே வேறுபாடு. 'டாய்' வந்த இடமெல்லாம் 'பெற்றான்' என்றோ, இறந்தகாலம் என்றோ மொழிபெயர்த்தால் பொருள் கெடும்.

தாய்லாந்து மொழியும் கெமரும் வெவ்வேறு குடும்பத்தவை. 'டாய்', 'பான்' ஒலியில் ஒட்டவே இல்லை. இரண்டு மொழியும் பேசியவர்கள் சொல்லை விட்டுவிட்டு, அதைப் பயன்படுத்தும் முறையை மட்டும் கடத்தியிருக்கிறார்கள். வியட்நாமிய 'டுவக்' மட்டும் சீனத்திலிருந்து வந்த பழைய இரவல் என்பது பலர் கருத்து.

முழுச்சொல் துணைவினையாகி, பிறகு குறுகி விகுதியாகும் என்று பாடநூல்கள் சொல்லும் பாதை இங்கே அவ்வளவாகச் செல்லாது. 'டாய்' எந்த வேலை பார்த்தாலும் வடிவம் பெரிதாகக் குறைவதில்லை; நிற்கும் இடமே பொருளைக் காட்டுகிறது. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் மட்டும் 'பெறு' துணைச்சொல்லாகும்போது, பொருளை வேறுபடுத்தும் குரல் ஏற்ற இறக்கமான தன் தொனியை இழக்கிறது.

வியட்நாமியத்தில் 'டுவக்' செயப்பாட்டுக்கும் வரும், நல்லது நடந்தால் மட்டும்: 'டுவக் கென்', பாராட்டப்பெற்றான். கெட்டதற்குத் துன்பப்படுவதைக் குறிக்கும் 'பி': 'பி ஃபத்', தண்டிக்கப்பட்டான். நம் 'பெறு', 'படு' இரண்டும் கிட்டத்தட்ட இப்படியே பிரிந்து நிற்கின்றன, 'படு' நல்லதற்கும் வரும் என்றாலும். இது தொடர்பால் வந்த ஒற்றுமை அல்ல. தமிழ் தனியே நடந்த பாதை.